சத்தம் கேக்குதாம் தொரைக்கு!

வா ராசா, இஸ்தோப்புல ஏறி உக்காரு. காரை எங்க நிப்பாட்டின? கோயில் மேட்டுலயா? டயருக்குக் கல்லு வச்சியா? வைக்கலையா? அப்புத்தளையில பொறந்துட்டு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்புற ஆளை இப்பதான் பாக்குறேன். போ, போய் ஒரு கல்லை அண்டக் குடுத்துட்டு வா. உன் கதை எங்கயும் ஓடிராது. காரு ஓடிரும்.

வச்சாச்சா? சரி, இப்பச் சொல்லு. முன்னாடி எங்கயோ டொக்கு டொக்குன்னு சத்தம் வருதா? அதைப் போன்ல வேற புடிச்சு வச்சிருக்கியா? கட்டாருல இருக்கிற மச்சானுக்கு அனுப்பினியா? என்னா சொன்னான்? சொக் போயிருச்சுன்னானா? வத்தளையில இருக்கிற கூட்டாளி? ஸ்டேரிங் ரெக்குன்னானா? பலே! குழி விழுந்த ரோட்டைக் கண்ணால கண்டு அந்த மச்சானுக்கு எத்தனை வருசமாச்சோ. அவன் உன் சொக்குக்கு ஜாதகம் பாக்குறான்.

போன்ல கேட்டா மழை பேயுற சத்தமும் மிளகா வறுக்கிற சத்தமும் ஒண்ணுதான்டா. அந்தச் சத்தத்தை வச்சு வைத்தியம் பாக்க முடியுமா?

அப்புறம் கராஜுக்கும் போயிருக்க. அங்க ஒரு தம்பி கையில எண்ணெய் படாம, டேஷ்போர்ட்டுக்கு அடியில வயரைச் சொருகி, கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, 'அண்ணே, கோடு ஒண்ணும் வரல'ன்னு சொல்லியிருக்கான். அதுக்கும் காசு குடுத்திருக்க. ஏன்டா, ரப்பர் புஷ்ஷுக்கு வயர் இருக்கா? போல் ஜொயின்ட் தன் கஷ்டத்தைக் கம்ப்யூட்டருக்கு எழுதிப் போடுமா? எஞ்சினுக்கு, ஏபிஎஸ்ஸுக்கு, ஏர்பேக்குக்கு, ஹைபிரிட் பெட்டரிக்கு எல்லாம் அந்தப் பொட்டி நல்ல பொட்டிதான். நான் வேணாங்கல. தேஞ்சு போன ரப்பரைப் பத்தி அதுக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியணும். உனக்குக் காது இருக்குல்ல? ரெண்டு பக்கமும் ஹெட்போன் சொருகியிருந்தா எப்படிடா தெரியும்?

அந்தக் காலத்துல கோச்சி வந்து நின்னா, நீட்டுக் காம்பு போட்ட சுத்தியலோட ஒரு ஆளு இறங்குவாரு. 1893ல அப்புத்தளைக்கு வந்த கோச்சி ரோடு, பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆச்சு. அம்புட்டு மலை, அம்புட்டு குகை. அந்தப் பாதையில ஓடுற சில்லு நல்லாயிருக்கான்னு அந்த ஆளு எப்படிப் பாப்பாரு தெரியுமா? ஒவ்வொரு சில்லையும் சுத்தியலால ஒரு தட்டு. நல்ல சில்லு கணீர்னு பேசும். வெடிச்ச சில்லு மந்தமா முனகும். அம்புட்டுதான். அதை நம்பி முன்னூறு நானூறு சனம் தூங்கிக்கிட்டே போச்சு.

சரி, உன்கிட்ட நான் கேக்குறேன். சத்தம் எப்ப வருது? பிரேக் புடிக்கையிலயா? வளைவுல திருப்பையிலயா? குழியில விழுகையிலயா? நின்ன இடத்துல ஸ்டேரிங்கைச் சுத்தினாலும் வருதா? ஒரு பக்கத்துச் சில்லு மட்டும் குழியில இறங்கினா வருதா, ரெண்டும் சேந்து மேட்டுல ஏறினாலும் வருதா? என்னாடா முழிக்கிற? சீட் கவரு என்ன கலருன்னு கேட்டிருந்தா டக்குன்னு சொல்லியிருப்ப.

மொதல்ல ரோட்டைத் தெரிஞ்சுக்க. பண்டாரவளைக்குப் போற கார்ப்பட் ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு 'இப்ப சத்தம் இல்லையே'ன்னு சந்தோசப்படாத. அது முகத்துக்கு முன்னாடி நல்லதையே பேசுற ரோடு. உண்மை வேணுமா? தம்பேதன்னை ரோட்டுல விடு. 1890ல லிப்டன் தொரை கட்டின தேயிலை ஸ்டோரு வரைக்கும் மெதுவாப் போ. கண்ணாடியை இறக்கு, பாட்டை நிப்பாட்டு, இருவதுல ஓட்டு. வளைவு, ஒட்டுப் போட்ட இடம், பீலித் தண்ணி அரிச்ச பள்ளம், எல்லாம் அந்த ரோட்டுல இருக்கு. கூட ஒருத்தனைப் பின் சீட்டுல வை. சத்தம் வலப்பக்கமா இடப்பக்கமான்னு ஓட்டுறவனை விட அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். ஓட்டுறவன் காதுல பாதி பயத்துல இருக்கும்.

அதுக்கும் முன்னாடி டிக்கியைக் காலி பண்ணு. சிரிக்காத. கொழும்புல இருந்து குடும்பத்தோட லிப்டன் சீட் பாக்க வந்த ஒரு பெரிய மனுசன், இந்த வளைவுல காரை நிப்பாட்டிட்டு இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னாரு. காரு பளபளன்னு இருந்துச்சு. பின்னாடி கடகடன்னு சத்தமாம். கொழும்புல ரெண்டு பின் சொக்கையும் மாத்திட்டாராம், மவுண்டையும் மாத்திட்டாராம், சத்தம் மட்டும் மாறலையாம். டிக்கியைத் தொறங்க மாத்தயான்னேன். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுத் தொறந்தாரு. உள்ள ஜெக்கு தன் கொக்கியில இருந்து கழண்டு, பள்ளத்துக்குள்ள படுத்துக்கிட்டு தாளம் போட்டுக்கிட்டிருந்துச்சு. எடுத்துக் காட்டினேன். ஒரு நன்றியாவது சொல்லணுமே? 'கராஜ்காரன் இதையும் பாத்திருக்கணும்'னாரு. சம்சாரம் சிரிச்சிச்சு. எனக்கு அது போதும்.

ஜெக்கு, வீல் ஸ்பானர், ஸ்பெயார் வீலு, சீட்டுக்கு அடியில உருளுற போத்தலு, இதையெல்லாம் இறக்கி வச்சிட்டு ஓட்டு. அடுத்தது வீல் நட்டு. போன கிழமை டயர் மாத்தினியா? அப்ப ஸ்பானரை எடுத்து ஒவ்வொண்ணா முறுக்கிப் பாரு. அதுக்கு மேல சைலன்சர் தொங்குற ரப்பரை ஆட்டிப் பாரு. அது அறுந்திருந்தா மேட்டுல ஏறும்போது வயித்துக்கடியில இடிக்கும். இதெல்லாம் காசில்லாத வைத்தியம். அதனாலதான் எவனும் பாக்குறதில்ல.

இந்தச் சங்கதியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? கொழுந்து லொறி ஓட்டுனவன்டா நான். தொரை பங்களாவுல இருந்து பழைய மோட்டார் புத்தகமெல்லாம் அடுப்பெரிக்க வரும். எரிக்கிறதுக்கு முன்னாடி நான் படிச்சிருவேன். மொரிஸ் மைனரு தெரியுமா? 1948ல இங்கிலாந்துல வந்த வண்டி. அலெக் இசிகோனிஸ்ங்கிறவரு கீறினது. முன்னாடி கொயில் ஸ்பிரிங்கே கிடையாது, முறுக்கிக் குடுக்கிற நீட்டு இரும்புக் கம்பிதான் ஸ்பிரிங்கு. சில்லு திரும்புற இடத்துல ட்ரனியன்னு ஒண்ணு, புரி போட்டது. அதுக்குக் கிரீஸ் அடிக்கணும். மறந்தியோ, புரி தேஞ்சு ஒரு நாள் சில்லு சாஞ்சு ரோட்டுலயே படுத்துரும். அதனால ஓட்டுறவன் எவனும் மறக்கிறதில்ல. கிரீஸ் கன்னைப் புடிச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில போவான். அடியில போறவனுக்கு எது தேஞ்சிருக்கு, எது கழண்டிருக்குன்னு தன்னால தெரிஞ்சிரும். இந்த மைனருக்கு நம்ம இலங்கையிலயே பார்ட்ஸ் செஞ்சு 1990கள்ல இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. வெள்ளைக்காரன் வண்டிக்கு நம்ம ஆளு பார்ட்ஸ் செஞ்சு வெள்ளைக்காரனுக்கே வித்தான். அந்தக் கதையை எவனும் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரல பாரு.

இப்ப வர்ற கார்ல கிரீஸ் அடிக்கிற வேலை இல்ல. எல்லாம் மூடி முத்திரை குத்தி வருது. அதனால அடியில குனிஞ்சு பாக்குற பழக்கமும் போச்சு. எர்ல் மெக்பர்சன்னு ஒரு அமெரிக்க எஞ்சினியரு, ஸ்பிரிங்கையும் சொக்கையும் ஒரே தூணாக் கட்டினாரு. 1950ல இங்கிலாந்து ஃபோர்ட் கம்பெனி தன்னோட கொன்சல் கார்ல அதைப் போட்டுச்சு. இன்னிக்கு நம்ம ரோட்டுல ஓடுற ஆல்டோ, வேகன் ஆர், விட்ஸ், அக்குவா எல்லாத்துக்கும் முன்பக்கம் அந்தத் தூணுதான். மேல ஒரு மவுண்ட். கீழ ஒரு லோவர் ஆர்ம். ஆர்மோட நுனியில போல் ஜொயின்ட். ஆர்ம் உடம்போட சேர்ற இடத்துல ரப்பர் புஷ். குறுக்க ஒரு ஸ்டெபிலைசர் பாரு, அதைத் தூணோட கோக்குற ரெண்டு லிங்க். உன் டொக்கு பெரும்பாலும் இந்த அஞ்சாறு சாமானுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும்.

புஷ்ஷுன்னா என்னான்னு என் முழங்காலைப் பாத்துத் தெரிஞ்சுக்க. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல சவ்வு இருந்த வரைக்கும் இந்த மலையில ஏறினேன், இறங்கினேன், ஒரு சத்தமில்ல. சவ்வு தேஞ்சிச்சு, இப்ப எந்திரிச்சா நாலு காம்பராவுக்குக் கேக்குது. இரும்பு அப்படியேதான் இருக்கும் தம்பி. நடுவுல இருக்கிற ரப்பரு போச்சுன்னா இரும்பு இரும்பை இடிக்கும். அதுதான் உன் டொக்கு.

இனி ஒவ்வொண்ணாக் கேளு. சின்னச் சின்னக் கல்லுல, மெதுவாப் போகையில கடகடன்னு வருதா? ஒரு சில்லு மட்டும் குழியில இறங்கினா கூடுதலாக் கேக்குதா? மொதல்ல சந்தேகப்பட வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க். ரெண்டு சில்லும் சேந்து ஏறினா அந்தப் பாரு முறுகாது, பெரும்பாலும் பேசாம இருந்துரும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினாத்தான் அதுக்கு வேலை. காரு நாலு கால்லயும் நிக்கையிலேயே லிங்கைக் கையால புடிச்சு உலுக்கு. ஆடுதா? இன்னும் நம்பிக்கை வரலையா? லிங்கைக் கழட்டிக் கம்பியால ஒதுக்கிக் கட்டிட்டு, நம்ம லயத்து ரோட்டுல மட்டும் மெதுவா ஒரு சுத்து வா. சத்தம் போச்சுன்னா ஆளு அகப்பட்டாச்சு. கம்ப்யூட்டர் கேட்டிச்சா? கேக்கல.

பிரேக் புடிச்சா ஒரு டொக்கு, திரும்ப எடுக்கையில இன்னொரு டொக்கா? அப்ப லோவர் ஆர்ம் புஷ்ஷைப் பாரு. நீ அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல முன்னாடி போய் பிரேக்கைக் குடு, பின்னாடி வந்து பிரேக்கைக் குடு. இன்னொருத்தன் தள்ளி நின்னு சில்லைப் பாக்கணும். சில்லு மட்கார்டுக்குள்ள முன்னும் பின்னும் நகந்தா புஷ் செத்துப் போச்சு. கியரை டீயில இருந்து ஆருக்குப் போடயிலயே இடிச்சா அது எஞ்சின் மவுண்ட்டு, இந்தக் கூட்டத்தைச் சேந்ததே இல்ல.

குழியில கடகடன்னு ஆடுறது, பிரேக்கை லேசாத் தொட்டதும் நிக்குதா? பிரேக் பேட்டும் கெலிப்பரும் லூசா இருக்கு. நின்ன இடத்துல ஸ்டேரிங்கைச் சுத்தினா டொய்ங்ன்னு ஸ்பிரிங்கு குதிக்குதா? மேல் மவுண்ட்ல இருக்கிற பேரிங்கு இறுகிருச்சு, இல்லாட்டி ஸ்பிரிங்கே ஒடைஞ்சிருக்கு. ஒருத்தன் சுத்தட்டும், நீ ஸ்பிரிங்கு மேல கையை வச்சுப் பாரு. இடுக்குல விரலை விட்டுறாத, பேராண்டி. முழுசாத் திருப்பி ஓட்டயில டிக் டிக்குன்னு எண்ணி எண்ணி அடிச்சா, அது சீவி ஜொயின்ட். அதுவும் சஸ்பென்சன்ல சேத்தியில்ல. ஆனா எல்லாத்துக்கும் சொக்குன்னே பேரு வச்சிட்டீங்க. பாவம் அந்த சொக்கு. அது எண்ணெய் கக்கியிருந்தா மாத்து. காரை அமுக்கி விட்டா நிக்காமத் துள்ளுதா, மாத்து. இல்லாட்டி அதை ஏன்டா தொந்தரவு பண்ற?

இப்ப ஜெக்கு வேலை. இங்கதான் நம்ம ஊரோட வம்பு. அப்புத்தளையில சமதரை எங்க இருக்கு? ஒரு பக்கம் பாத்தா அல்துமுல்லை, மறுபக்கம் பாத்தா பண்டாரவளை, நடுவுல கத்தி முனையில ஒரு டவுனு. பள்ளிக்கூட மைதானம் ஒண்ணைத் தேடிப் போ. பின் சில்லுக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வை. தூக்கினதும் அடியில ஸ்டேண்டு குடு. ஜெக்கை மட்டும் நம்பி உள்ள தலையை விட்டியோ, நான் வந்து உன் காலைப் புடிச்சு இழுக்க மாட்டேன். வயசாச்சு.

சில்லை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டு. ஆடுதா? ஒருத்தனை பிரேக்கை மிதிக்கச் சொல்லு. ஆட்டம் நின்னுச்சுன்னா வீல் பேரிங்கு. நிக்காம இன்னும் ஆடினா போல் ஜொயின்ட் பக்கம் போ. வலமும் இடமும் புடிச்சு ஆட்டு. அதுல லொடக்குன்னா டை ரொட் என்ட், இல்லாட்டி ரெக் என்ட். புஷ்ஷுக்கு டயர் லீவரைச் சொருகி மெதுவா நெம்பு. உங்க அப்பனோட அலவாங்கைக் கொண்டு வராத, நல்ல புஷ்ஷையும் நீ கொன்னுருவ.

அகப்பட்டிருச்சா? இப்பத்தான் கையைப் பைக்குள்ள விடணும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க? 2020 மார்ச்சுல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க. திரும்பவும் தனியார் காரு வர 2025 பெப்ரவரி ஆச்சு. அதுக்குள்ள பழைய காரெல்லாம் புதுக் காரு விலைக்குப் போயிருச்சு. நீயும் கடனைப் பட்டு ஒண்ணை வாங்கிட்ட. அதுக்கு மேல கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், 'முன்பக்கத்து சாமான் எல்லாத்தையும் குடுங்க அண்ணே'ன்னு நின்னா, கடைக்காரன் உனக்கு நாற்காலி போடுவான், பிளேன்டீ குடுப்பான். அவனுக்கு வேற யாரு இப்படி வந்து வாய்ப்பா? நாள் சம்பளம் ஆயிரம் ரூபா வேணும்னு எத்தனை வருசம் ரோட்டுல நின்னு, 2021ல வாங்கின சனம்டா நாம. உங்க ஆத்தா கொழுந்து எடுத்த காசு அது. தேஞ்சது லிங்க்னா லிங்க்கை வாங்கு. ரெண்டு பக்கமும் சோடியா மாத்து, சரி. அதுக்காக மெக்பர்சன் கண்டுபுடிச்ச எல்லாத்தையும் மாத்தணுமா?

புஷ் மாத்துற பாஸ்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. காரு தொங்கிக்கிட்டிருக்கையில நட்டை முழுசா இறுக்க வேணாம். இறக்கி வச்சு, காரோட பாரம் சில்லுல உக்காந்த பொறகு கடைசி இறுக்கு இறுக்கணும். தொங்கயில இறுக்கினா, இறக்கினதும் ரப்பரு முறுகிக்கிட்டே இருக்கும். சீக்கிரமே கிழியும். நீயும் 'பார்ட்ஸ் எல்லாம் போலி'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவ.

இன்னொண்ணு. உன் காரை வரும்போதே பாத்தேன். ஸ்பிரிங்கை வெட்டிப் பணிய வச்சிருக்க. பெரிய ரிம்மு, அதுக்கு மேல பேருக்கு ஒரு டயரு. பின் கண்ணாடியில 'மலை ராஜா'ன்னு எழுத்து. ராஜாவுக்கு ரோட்டோரப் பங்கருக்குள்ள இறங்காம ஒரு லொறிக்கு இடம் விட முடியுமாடா இந்த ரோட்டுல? டயர்ல காத்து இருக்கிற இடமே குறைஞ்சா, குழியோட அடியெல்லாம் நேரா புஷ்ஷுக்கும் போல் ஜொயின்டுக்கும் தானே போகும்? கம்பெனிக்காரன் அம்புட்டு உசரம் வச்சது அழகு தெரியாமலா? நீ அந்த ரிம்மைக் கழட்டி வித்தாலே லிங்க் காசு வந்துரும். மிச்சத்துல ஆத்தாளுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கலாம்.

லிங்க், புஷ், மவுண்ட் சத்தமெல்லாம் உடனே உன் உயிரை வாங்காது. சம்பள நாள் வரைக்கும் மெதுவா ஓட்டலாம். போல் ஜொயின்டும் டை ரொட் என்டும் அப்படி இல்ல. போல் ஜொயின்ட் கழண்டா சில்லு மடங்கும். டை ரொட் என்ட் கழண்டா ஸ்டேரிங்கு உன் கையில இருக்கும், சில்லு தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பெரகலைக்கு இறங்குற வழியில கீழ என்னா இருக்குன்னு நான் சொல்லணுமா?

அந்த ரெண்டுல எதுல ஆட்டம் தெரிஞ்சாலும் காரை இங்கேயே விட்டுட்டு, பஸ்ல போய் சாமானை வாங்கிட்டு வா. பஸ்ல போறது கௌரவக் குறைச்சல்னு நெனச்சா சாவியை என்கிட்ட குடுத்துரு. உங்க ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்.